புனித இஞ்ஞாசியார்: ஒடுக்கத்திற்குப்பின் நின்ற உறுதி

கோடையில் வறண்டு கிடக்கும் ஆற்றில் ஓரிரவிலே வெள்ளம் பெருகிவிடுதல் உண்டு. அவ்வெள்ளம் வானத்தின் கொடை. உழவன் எத்துணை முயன்றாலும் அதனை வருவிக்க இயலாது. ஆயினும், வந்த நீர் முழுவதையும் கடலுக்குப் போகவிடாது ஏரியில் தேக்கி, மதகு வைத்து, வேண்டியபொழுது வேண்டிய அளவு வயலுக்குப் பாயவிடுதல் அவன் கடனாகும். ஏரியில்லாத ஊரில், வெள்ளம் வடிந்த மறுதிங்களே மக்கள் குடிநீருக்கு அலையக் காண்கின்றோம்.

ஆன்ம வாழ்விலும் நிலைமை இதுவே. ஆண்டுக்கொருமுறை சின்னாட்கள் ஞான ஒடுக்கத்திற்குச் செல்கின்றோம். மௌனமும், மறைநூல் ஓதலும், பெரியோர் அறிவுரையும் நம் நெஞ்சத்தை உருக்குகின்றன. இனி நாள்தோறும் வைகறையில் எழுவோம், ஜெபம் ஒருநாளும் தவறோம் என உறுதி கொள்கின்றோம். விடுதிக்கு மீண்ட பின்னரோ, பாடமும் தேர்வும் பந்தாட்டமும் அரட்டையும் தத்தம் பழைய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு திங்கள் கழியுமுன் உருக்கம் ஆறிவிடுகின்றது. அப்பொழுது ஓர் ஐயம் தோன்றும்: அன்று நாம் உணர்ந்தது மெய்யோ, அன்றி இடத்தாலும் இசையாலும் எழுந்த மயக்கமோ? இவ்வையம் சிறிதென்று தள்ளத் தக்கதன்று. இதனாலேயே ஜெபத்தை அறவே கைவிட்டாரும் உளர்.

இவ்வையத்திற்குத் தம் வாழ்க்கை முழுவதையும் விடையாகத் தந்த ஒருவரைப்பற்றி ஈண்டுச் சிறிது கூற விழைகின்றோம். அவர் சேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார். அவர் இயற்றிய ஆன்மப் பயிற்சிகள் என்னும் நூலே இன்று உலகெங்கும் நடைபெறும் ஒடுக்கங்கள் பலவற்றிற்கு ஊற்றாக உள்ளது. 1922-ஆம் ஆண்டில் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் அவரை ஒடுக்கங்களுக்கெல்லாம் பாதுகாவலராக அறிவித்தார். அவர் கத்தோலிக்கத் திருச்சபைக்குரியவர். எனினும், ஜெபத்தில் நிலைத்து நிற்க விரும்பும் எச்சபையினரும் அவரிடம் கற்கத் தக்கன பல. அன்றியும், அவர் நம்போல் மாணவராய்ப் பதினோராண்டு இன்னற்பட்டவர் என்பதும் நாம் அவரை நாடுதற்கு ஒரு காரணமாம்.

போர்வீரர்

ஸ்பெயின் நாட்டின் வடபாலில், பாஸ்க் மக்கள் வாழும் மலைநாட்டிலே, அஸ்பெய்த்தியா என்னும் ஊரையடுத்த லொயோலா மாளிகையில் 1491-இல் இவர் பிறந்தார். பிள்ளைகள் பலருள் கடைக்குட்டி. இட்ட பெயர் இனிகோ. இளமையிலே காஸ்தீல் நாட்டுக் கருவூலத் தலைவரின் இல்லத்தில் வளர்ந்து, அரண்மனைப் பழக்கங்களையும் வாட்பயிற்சியையும் கற்றார். புகழ் வேட்கையும், நல்லுடை மீது பற்றும், உயர்குல மங்கையொருத்திக்குத் தொண்டு செய்யும் கனவுமே அந்நாளில் அவர் நெஞ்சை நிறைத்திருந்தன.

1521-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள், பாம்பலோனாக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கிற்று. பணிந்துவிடலாம் எனப் பிறர் கருதியபொழுதும் இனிகோ இணங்கிலர். பீரங்கிக் குண்டொன்று அவருடைய வலக்காலை முறித்து மற்றைக் காலையும் புண்படுத்திற்று. அவர் வீழ்ந்தவுடன் கோட்டையும் வீழ்ந்தது. பகைவரே அவருடைய வீரத்தை மதித்து மருத்துவம் செய்து, பின்னர்க் கட்டிலிற் கிடத்தி ஊருக்கு அனுப்பினர். அங்கே எலும்பை மீண்டும் முறித்துப் பொருத்த நேர்ந்தது. உயிர் போய்விடும் என்னும் நிலையும் வந்து நீங்கிற்று. பொருந்திய எலும்பு முழங்காலின்கீழ்ப் புடைத்து நின்றமையால், அழகிய காலணி அணிய இயலாதே என்று வருந்தி, அதனை அறுத்தெறியச் சொல்லி அத்துன்பத்தையும் வாய்திறவாது பொறுத்தார். மயக்க மருந்தில்லாக் காலத்தில் அழகின் பொருட்டு இத்துணை பொறுத்தவர், பின்னர் ஆண்டவர் பொருட்டு எத்துணை பொறுப்பார் என்பது அன்று யாருக்கும் தெரியாது.

படுக்கையிற் கிடந்த காலத்தில் வீரக்கதை நூல்கள் கேட்டார். அம்மாளிகையில் அவை இல்லை. கிறிஸ்து நாதர் வரலாறு ஒன்றும், புளோஸ் சாங்தோரும் என வழங்கிய அடியார் வரலாற்று நூல் ஒன்றுமே கிடைத்தன. வேறு வழியின்றிப் படித்தார். படித்தபின் அவர் எண்ணங்கள் இரு திறப்பட்டன. ஒருகால் அம்மங்கையையும் போர்ப்புகழையும் எண்ணி நாழிகைக்கணக்காய் மகிழ்வார். மற்றொருகால் அடியார்களைப்போல் தாமும் தவம் புரிவதாக எண்ணி மகிழ்வார். எண்ணுங்கால் இரண்டும் இனியனவே. எண்ணி முடித்தபின், முன்னது நெஞ்சை வறட்சியாக்கிற்று; பின்னதன் இன்பமோ நெடுநேரம் நின்றது. இவ்வேற்றுமையை ஒருநாள் அவர் கண்டுகொண்டார்.

இஃது எளியதொரு செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் அவருடைய போதனை முழுவதற்கும் வித்து இதுவே. ஓர் உணர்ச்சி எழும்பொழுது எத்துணை இனிமையாயிருக்கின்றது என்பதைக்கொண்டு அதனை அளத்தல் கூடாது. அது கடந்து சென்றபின் நெஞ்சில் எதனை விட்டுச் செல்கின்றது என்று நோக்கல் வேண்டும். ஒடுக்கத்தின் மெய்ம்மையைப்பற்றி ஐயுறுவார்க்கும் இதுவே உரைகல்லாம்.

மன்ரேசாவில் பதினொரு திங்கள்

1522-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எருசலேம் செல்லும் கருத்துடன் இனிகோ வீட்டை விட்டுப் புறப்பட்டார். மோன்செராத் மலைக்கோயிலில் தம் வாழ்நாட் குற்றங்களையெல்லாம் எழுதி மூன்று நாள் பாவசங்கீர்த்தனம் செய்தார். தம் விலையுயர்ந்த ஆடையை இரவலனொருவனுக்கு ஈந்து, சாக்குத்துணி போர்த்து, மார்ச்சு 24-ஆம் நாளிரவு முழுவதும் மாதாவின் பீடத்தின்முன் விழித்திருந்தார். தம் வாளையும் குற்றுடைவாளையும் அங்கேயே விட்டுச் சென்றார். அவ்வாடையைத் திருடினான் என்று அவ்விரவலனைப் பிடித்துத் துன்புறுத்தினர் எனக் கேட்டபொழுது அவர் கண்ணீர் விட்டார்.

சின்னாட்கள் தங்கக் கருதி மன்ரேசா என்னும் ஊருக்குச் சென்றவர் ஏறத்தாழப் பதினொரு திங்கள் அங்கே தங்கிவிட்டார். அதுவே அவருடைய பெரிய ஒடுக்கம். வீடுதோறும் இரந்துண்டார். இறைச்சியும் மதுவும் நீக்கினார். முன்பு பேணிய முடியை வாராது விட்டார், நகங்களையும் வெட்டிலர். நாள்தோறும் ஏழு நாழிகை முழந்தாளிட்டு ஜெபித்தார் என அவர் வரலாறு கூறும். இங்கே நாழிகை என்றது கடிகார மணியையாம்.

தொடக்கத்திலே அவர்க்கு ஒரு சோதனை உண்டாயிற்று. இன்னும் எழுபதாண்டு வாழ வேண்டியிருக்குமே, இக்கடுந்தவத்தை அத்துணைக் காலமும் எங்ஙனம் பொறுப்பாய் என்று உள்ளே ஒரு குரல் வினவிற்று. ஒரு மணி நேரமேனும் என் உயிருக்கு உறுதிகூற உன்னால் இயலுமோ என்று எதிர்வினா விடுத்து அவர் அதனை வென்றார். ஜெப வாழ்வில் தளர்வார் பலர் இந்த எழுபதாண்டுக் கணக்கிலேதான் தளர்கின்றனர். வாழ்நாள் முழுவதையும் ஒருங்கே சுமக்க வேண்டும் என எண்ணுவார்க்கு அச்சுமை மலையாகத் தோன்றும். இன்றைய ஒரு மணி நேரத்தைச் சுமப்பது எவர்க்கும் இயலும்.

அதன்பின் வந்த சோதனை இதனினும் கடியது. முன்னரே அறிக்கையிட்ட பாவங்களைப்பற்றிய ஐயங்கள் அவரை ஓயாது வாட்டின. மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டும் அமைதி கிட்டவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் தோன்ற, அது பாவமென்று உணர்ந்து விலக்கினார். அமைதி கிடைக்குமளவும் உண்ணேன் என்று ஒரு வாரம் முழுப்பட்டினி கிடந்தார். ஞானகுருவின் கட்டளைக்குப் பணிந்து உணவு கொண்டார். இறுதியில், கழிந்த பாவங்களைக் கிளறுதல் இறைவனிடத்திலிருந்து வந்த தூண்டுதலன்று எனத் தெளிந்து, அதனை விட்டொழித்தார்.

இன்னொரு செய்தியும் நோக்கத் தக்கது. உறங்கப்போகும் வேளையில் பேரொளியும் பேரின்பமும் அவர் உள்ளத்தில் தோன்றித் தூக்கத்தைக் கெடுத்து வந்தன. நாள் முழுவதும் இறைவனோடு உறவாடக் குறித்த நேரம் இருக்க, உறங்குதற்குரிய சிறு பொழுதில் இவை வருவானேன் என ஆராய்ந்தார். அவற்றைப் புறக்கணித்து உறங்குதலே நன்றெனத் துணிந்தார். பக்திப் பெருக்கை வேண்டாமென்று தள்ளித் தூங்கிய துறவி! பின்னாளில் அவர் மாணவர்க்கு வகுத்த விதிகளின் நுட்பம் இங்கேயே தொடங்குகின்றது.

ஒருநாள் கார்தோனேர் ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தபொழுது அவர்க்குப் பெரியதோர் அறிவொளி கிட்டிற்று. காட்சி எதுவும் காணாமலே, எல்லாம் புதியனவாய்த் தோன்றும்படி உள்ளம் தெளிந்தது. அதுவரை வளரவிட்ட முடியையும் நகங்களையும் அவர் மன்ரேசாவிலேயே வெட்டிக்கொண்டார். பிறர்க்கு உதவ வேண்டின் பிறர் அஞ்சும் கோலம் வேண்டுவதின்று எனக் கண்டார். தாம் பட்டறிந்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதலானார். அக்குறிப்புகளே பல்லாண்டு திருத்தம் பெற்று, 1548-இல் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பரின் ஒப்புதலோடு உரோமையில் அச்சேறின.

மலையினின்று இறக்கம்

மறுரூப மலையிலே கூடாரமிட்டுத் தங்க விரும்பிய பேதுருவைப்போல, இனிகோவும் திருநாட்டிலேயே தங்கிவிட விரும்பினார். 1523-ஆம் ஆண்டு செப்டம்பரில் எருசலேமை அடைந்தார். கிறிஸ்துநாதர் நடந்த இடங்களில் வாழ்ந்து மடிவதே அவர் வேட்கை. அங்கே அதிகாரம் பூண்ட பிரான்சிஸ்கு சபைத் துறவியர், அந்நாட்டின் இடுக்கண்களைக் கருதி அதற்கு இசையவில்லை. பணிந்து திரும்பினார். தங்க வேண்டுமென்று நெஞ்சு துடித்த இடத்திலிருந்து வீதிக்கும் வேலைக்கும் திருப்பி அனுப்பப்படுதல் அவர் வாழ்க்கையில் இவ்வாறு தொடங்கிற்று.

பிறர் ஆன்மாவிற்கு உதவக் கல்வி வேண்டும் எனத் தெளிந்து, 1524-இல் பார்சலோனா நகரில், முப்பத்துமூன்றாம் வயதில், சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். அங்கே அவர்க்கு நேர்ந்தது மாணவராகிய நாம் ஊன்றி நோக்குதற்குரியது. சொல்லுருவங்களை மனனம் செய்யப் புகுந்தபோதெல்லாம் தெய்வீக எண்ணங்கள் வெள்ளமாய்ப் பெருகின. ஜெபத்திலும் பூசையிலும் இத்துணைத் தெளிவு வருவதில்லையே, இலக்கணம் படிக்கும்பொழுது மட்டும் வருவானேன் என்று சிந்தித்தார். இது சோதனை எனத் துணிந்தார். கடல்மாதா கோயிலுக்கு ஆசிரியரை அழைத்துச் சென்று, நடந்ததனைக் கூறி, பார்சலோனாவில் உயிர்வாழ அப்பமும் நீரும் கிடைக்குமளவும் ஈராண்டு ஒரு பாடமும் தவறேன் என்று உறுதி மொழிந்தார். அதன்பின் அவ்வெண்ணங்கள் அவரைத் தொடரவில்லை.

ஜெபத்தைக் காரணமாகக் காட்டிப் பாடத்தைத் தவிர்ப்பதும், பாடத்தைக் காரணமாகக் காட்டி ஜெபத்தைத் தவிர்ப்பதும் ஒரே நோயின் இரு முகங்கள். உரிய நேரத்தில் உரியதைச் செய்தலே இறைவனுக்கு உகந்தது என்பது இலக்கண வகுப்பில் அவர் கற்ற இறையியல்.

அல்கலா நகரிலும் சாலமங்காவிலும் கற்கச் சென்றபொழுது, பட்டமில்லாத இவர் ஆன்ம வாழ்வைப்பற்றிப் பிறர்க்குக் கூறுகின்றார் என ஐயுற்று விசாரணை செய்தனர். முன்னதில் 42 நாளும் பின்னதில் 22 நாளும் சிறையிருந்தார். போதனையிற் பிழையில்லை என்றே தீர்ப்பாயிற்று. ஆயினும், மேலும் கற்குமளவும் சில பொருள்களைப் பேசலாகாது எனத் தடுத்தனர். ஆகவே 1528-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாரீசு மாநகர் சேர்ந்தார்.

பாரீசு மாணவர்

பாரீசில் அவர் பட்ட வறுமை பெரிது. நம்பிக் கொடுத்து வைத்த பணத்தை உடனிருந்த ஸ்பானியர் ஒருவர் செலவழித்துவிட்டார். ஏழையர் விடுதியொன்றிற் குடிபுகுந்தார். அதுவோ கல்லூரிக்குத் தொலைவு. விடியுமுன்னரே பாடம் தொடங்கும். விடுதிக் கதவோ விடிந்த பின்னரே திறக்கும். மாலையிலும் இருட்டுமுன் திரும்பியாக வேண்டும். பாடம் பல இழந்தார். விடுமுறையில் பிளாண்டர்சு நாட்டிற்கும், ஒருமுறை இலண்டனுக்கும் சென்று வணிகரிடம் இரந்து வந்த பொருளே அவரைக் காத்தது. தம் பணத்தைச் செலவழித்தவர் ரூவான் நகரில் நோயுற்றுக் கிடக்கின்றார் எனக் கேட்டதும், அவர்க்குதவ வெறுங்காலோடு, உண்ணாமல் பருகாமல் நடந்து சென்றார். ஜெபம் நெஞ்சில் நின்றதா என்பதற்குச் சான்று ஜெபிக்கும் நேரத்தின் நீளத்தில் மட்டும் கிடைப்பதன்று. இத்தகைய வழிநடையிலும் கிடைக்கும்.

1529-இல் சான் பார்பு கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே தம்மினும் பதினைந்தாண்டு இளையரான இருவரோடு ஒரே அறையில் தங்கினார். ஒருவர் சவோய் நாட்டில் ஆடுமேய்த்து வளர்ந்த பேதுரு பேபர். மற்றவர் நவார்ரா நாட்டு உயர்குலத்தவராகிய பிரான்சிஸ் சவேரியார். பேபர் பாடம் சொல்லித்தர, இவர் கற்றார். தத்துவம் கற்கத் தொடங்கியபோதும் பார்சலோனாவில் வந்த அதே இடையூறு வந்தது. அதே மருந்தையே கையாண்டு, பாடம் தவறேன் என ஆசிரியருக்கு வாக்களித்தார். அக்காலத்தில் புதியவர்களைத் தேடிச் சென்று போதிப்பதையும் குறைத்துக்கொண்டு, முன்னரே நல்வழிப்பட்டாரை நிலைநிறுத்துவதிலே கருத்தைச் செலுத்தினார். 1535-இல் மேதைப் பட்டம் பெற்றார்.

பேபரை அவர் நடத்திய முறை வியக்கத்தக்கது. பேபர் பக்தியுள்ளவர்; ஆயினும் ஐயங்களால் அலைக்கழிக்கப்பட்டவர். இத்தகையாரை உடனே ஒடுக்கத்திற்கு அனுப்பிவிடுதலே வழக்கம். இஞ்ஞாசியாரோ ஏறத்தாழ நான்காண்டு பொறுத்தார். முதலிற் பொதுப் பாவசங்கீர்த்தனம், பின்னர் வாரந்தோறும் திருவிருந்து, நாள்தோறும் தன்னாய்வு. ஒவ்வொரு குறையாக எடுத்து, ஒன்று நீங்கிய பின்னரே மற்றொன்று. வெள்ளம் வருமுன்னரே ஏரியின் கரையைக் கட்டினார் என்னலாம். 1534-இன் தொடக்கத்தில், குளிர் மிகுந்த காலத்தில், பேபர் முப்பது நாட் பயிற்சியை மேற்கொண்டார். அப்போது பெற்றது அவரை வாழ்நாள் இறுதிவரை விட்டு நீங்கவில்லை. 2013-ஆம் ஆண்டில் அவர் புனிதர் பட்டம் பெற்றார்.

அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் எழுவர் மோன்மார்த்து குன்றின்மேல் ஒரு சிறு கோயிலிற் கூடினர். அவருள் பேபர் ஒருவரே குரு; அவரே பூசை நிறைவேற்றினார். வறுமையிலும் கற்பிலும் நிலைத்து எருசலேம் சென்று பணிபுரிவோம் என நேர்ந்துகொண்டனர். இவ்வளவில் நின்றிருப்பின், அஃது இளைஞர் சிலரின் ஒருநாள் எழுச்சியாய் மறைந்திருக்கும். அவர்கள் செய்த ஏற்பாடுகளே அதனை வாழ்வித்தன. வாரந்தோறும் பாவசங்கீர்த்தனமும் திருவிருந்தும் பெற்றனர். அடிக்கடி ஒருவர் அறையில் ஒருவர் கூடித் தத்தம் உணவைப் பகிர்ந்துண்டு உரையாடினர். 1535-இல் இஞ்ஞாசியார் உடல்நலம் கருதித் தாய்நாடு செல்ல நேர்ந்தது. தலைவர் இல்லாத அவ்வாண்டிலும், அதற்கடுத்த ஆண்டிலும், அதே நாளில் அதே இடத்தில் தங்கள் நேர்ச்சையைப் புதுப்பித்துக்கொண்டனர். தொகை குறையவில்லை; மூவர் புதியராய்ச் சேர்ந்தனர். ஒருவர் தனியே பேணும் உறுதி எளிதில் தளரும். நண்பர் சிலர் கூடி, நாள் குறித்து, நினைவுகூர்ந்து பேணும் உறுதி நிற்கும்.

நூலிற் கண்ட நெறி

ஒடுக்கத்தின் கனல் அவிந்துவிடாமற் காக்க அவர் தம் நூலிலே தந்த வழிகள் சிலவற்றை நம் சொற்களில் ஈண்டுத் தருகின்றோம்.

முதலாவது, உள்ளம் பொங்கும்பொழுது அவசரப்பட்டுப் பெருநேர்ச்சை எதுவும் செய்யலாகாது. பயிற்சி தருபவர் அதனைத் தடுத்தல் வேண்டும். பொங்கும் நாளிலே, வறட்சி வரும் நாளை எண்ணி வலிமை சேர்த்து வைத்தல் அறிவுடைமை. இரண்டாவது, வறட்சி வந்துற்றபொழுது, முன்பு தெளிந்த மனத்தோடு கொண்ட தீர்மானத்தை மாற்றலாகாது. ஒரு மணி நேரம் ஜெபிக்கக் குறித்திருந்து மனம் ஓடிப்போக நினைப்பின், குறித்த நேரத்தினும் சிறிது மிகுதியாகவே இருத்தல் வேண்டும். மூன்றாவது, வறட்சிக்குக் காரணம் மூன்றென அறிதல் வேண்டும். ஒன்று நம் சோம்பல். ஒன்று நம் அன்பு ஊதியமின்றியும் நிற்குமோ என்னும் பரீட்சை. ஒன்று அருள் நம் முயற்சியால் ஈட்டியதன்று என்னும் பாடம். ஆதலால் உருக்கம் ஆறியதைக் கண்ட அளவிலே, அன்று பெற்றது பொய்யென்று துணிதல் பேதைமையாம்.

நான்காவதாகிய தன்னாய்வே இவற்றுள் தலையாயது. நாளின் முடிவில், முதற்கண் பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறல். பின் குற்றங்களை அறிய அருள் வேண்டல். பின் மணிக்கு மணி நாளைத் திரும்பிப் பார்த்தல். பின் மன்னிப்பு வேண்டல். இறுதியில் திருந்த உறுதி கொள்ளல். நன்றியே முதலில் நிற்றலைக் கருதுக. இதனோடு, ஒரு குறையை மட்டும் குறித்துக்கொண்டு காலையில் உறுதியும், நண்பகலிலும் இரவிலும் கணக்கும் கொள்ளும் வழக்கத்தையும் அவர் கற்பித்தார். ஏட்டிலே நாளொன்றுக்கு இரு கோடுகள். தவறிய முறைகளுக்குப் புள்ளிகள். கோட்டைக் கோட்டோடும், நாளை நாளோடும், வாரத்தை வாரத்தோடும் ஒப்பிட்டு நோக்குதல். தவறும்போது கையை நெஞ்சில் வைத்து வருந்துதல். கூட்டத்தின் நடுவிலும் இதனைப் பிறர் அறியாது செய்யலாம்.

ஐந்தாவது, முப்பது நாள் விலகியிருக்க ஓய்வில்லாதார்க்கும் வழியுண்டு. தத்தம் தொழிலில் இருந்துகொண்டே நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி இப்பயிற்சிகளைச் செய்யலாம் என அவர் வகுத்துள்ளார். ஒடுக்கம் என்பது மலைக்கும் மடத்திற்கும் மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

உரோமையிற் பணி

1537-இல் வெனிசு நகரில் குருப்பட்டம் பெற்றார். போரினால் எருசலேம் செல்லும் வழி அடைபட்டது. தோழர்கள் உரோமை சென்று பாப்பரசரின் விருப்பிற்குத் தம்மை ஒப்புக்கொடுத்தனர். 1540-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் சேசு சபை ஒப்புதல் பெற்றது. மறு ஆண்டு இஞ்ஞாசியார் அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வழிநடைப் பயணியாய் உலகெங்கும் திரிய விழைந்தவர், எஞ்சிய பதினைந்தாண்டும் உரோமையில் மேசையின்முன் அமர்ந்து மடல் எழுதுவதிலே கழித்தார். அவர் பெயரால் எழுந்த மடல்களில் இன்று நமக்குக் கிடைப்பன ஏறத்தாழ 7,000.

சபை மாணவர்களிற் சிலர் நெடுநேரம் ஜெபிக்க விரும்பினர். ஸ்பெயினிலிருந்த சிலர் ஜெப நேரத்தை உயர்த்தித் தருமாறு வேண்டினர். ஏழு மணி நேரம் முழந்தாளிட்டவர் உவந்து இசைவார் என எவரும் எண்ணுவர். அவர் மறுத்துவிட்டார். கற்கும் காலத்தில் கல்வியே இறைபணி; நடத்தலிலும் உண்டலிலும் கேட்டலிலும் கற்றலிலும் இறைவனைக் காணப் பழகுதல் வேண்டும் என்றார். தன்னலத்தை வென்ற ஒருவர் கால் மணி நேரத்தில் இறைவனோடு ஒன்றிவிடுவார்; வெல்லாதவர்க்கு இரண்டு மணியும் போதா என்பது அவர் துணிவு. ஆயினும் தன்னாய்வை மட்டும் விடலாகாது என வற்புறுத்தினார். நாளோடு நாளை ஒப்பிட்டு நோக்கும் வழக்கத்தை முதிர்ந்த வயதிலும் அவர் விட்டிலர்.

தமிழகத்திற்கு எட்டிய ஒளி

சவேரியார் 1540-ஆம் ஆண்டு மார்ச்சில் உரோமையை விட்டுப் புறப்பட்டார். அதன்பின் நண்பர் இருவரும் இவ்வுலகில் ஒருவரையொருவர் கண்டிலர். 1542-இல் கோவாவை அடைந்து, அவ்வாண்டிலேயே நம் முத்துக்குளித் துறைக்கு வந்தார். மொழியறிந்தார் துணையால் ஜெபங்களையும் கற்பனைகளையும் தமிழிற் பெயர்த்து, மனனம் செய்து, பரதவ மக்களுக்குக் கற்பித்தார். வேலையோ அளவிறந்தது, உடனுழைப்பாரோ மிகச் சிலர். பாரீசிற் பெற்ற பயிற்சியே அத்தனிமையில் அவரைத் தாங்கிற்று. தோழர்களின் மடல்களிலிருந்து அவர்கள் ஒப்பமிட்ட பெயர்களை வெட்டியெடுத்துத் தம்மோடு எங்கும் கொண்டுசென்றார் என்பதனை எண்ணுந்தோறும் நம் நெஞ்சம் நெகிழ்கின்றது. 1553-ஆம் ஆண்டு ஜூனில் இஞ்ஞாசியார் சவேரியாரைத் திரும்பி வருமாறு அழைத்து மடல் விடுத்தார். அம்மடல் எழுதப்படுமுன்னரே, 1552-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், சீனக் கரையையடுத்த தீவொன்றில் சவேரியார் உயிர் நீத்திருந்தார்.

சவேரியாருக்குப்பின் அக்கரையில் அரை நூற்றாண்டு உழைத்த அண்டிரிக்கு அடிகளார், தமிழைக் கற்கும் பாட்டினைப்பற்றி உரோமைக்கு மடல்கள் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கமும், 1586-இல் வெளிவந்த அடியார் வரலாறும் அவர் தந்தவை. பின்னைய நூலும் புளோஸ் சாங்தோரும் என்னும் பெயரே பூண்டது. லொயோலா மாளிகையில் நோயாளியொருவர் கைக்கு வேறு வழியின்றி வந்த நூலின் இனமே, அறுபத்தைந்து ஆண்டின்பின் தமிழ் எழுத்தில் நம் முன்னோர் கைக்கு வந்தது. மதுரையில் உழைத்த தத்துவ போதகரும், தேம்பாவணி தந்த வீரமாமுனிவரும் இச்சபையினரே. அவர்தம் தமிழ்த்தொண்டிற்குப் பின்னே மன்ரேசாவின் பயிற்சி நின்றது என்பதைத் தமிழ் பயிலும் நாம் மறத்தல் தகாது.

முடிவு

1556-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் மாலை, தம் முடிவு நெருங்கியது எனக் கூறிப் பாப்பரசரின் ஆசியைப் பெற்று வருமாறு செயலாளரை இஞ்ஞாசியார் வேண்டினார். ஸ்பெயினுக்குச் செல்லும் மடல்கள் முடிக்க வேண்டியிருந்தமையாலும், மருத்துவர் அஞ்சாமையாலும், மறுநாட் செல்லலாமோ என்றார் செயலாளர். அவர் மறுத்து வற்புறுத்தவில்லை. அன்றிரவு நோய் முற்றி, 31-ஆம் நாள் விடியலில் அமைதியாக உயிர் துறந்தார். அவர் மறைந்தபொழுது சபையினர் ஏறத்தாழ ஆயிரவர். 1622-இல் சவேரியாரோடு ஒரே நாளிற் புனிதராக உயர்த்தப்பட்டார்.

மரணப் படுக்கையிலும் அன்றாட வேலைக்கு இடம் விட்டவர் அவர். தம் வாழ்வின் இறுதியாண்டுகளில் தம் வரலாற்றைக் கூறுகையில், இறைவனைக் காணும் எளிமை தம்மிடம் வரவர வளர்ந்ததென்றும், முன்னெக்காலத்தினும் இப்பொழுதே அது மிகுந்துள்ளதென்றும் அவர் தெரிவித்தார். குகையிலே வாழ்ந்தபொழுது இருந்ததைவிட, கணக்கும் மடலும் வழக்கும் நோயும் சூழ்ந்த அறையிலே அது மிகுந்திருந்தது! ஒடுக்கத்தின் கனல் ஆறித்தான் தீரும் என்று எண்ணுவார்க்கு இதனினும் சிறந்த மறுமொழி வேண்டா.

தோழர்காள்! ஒடுக்கத்தின் வெள்ளத்தை நாம் வருவிக்க முடியாது; அது வந்தபடியே என்றும் நிற்கவும் நிற்காது. நம்மால் இயல்வது ஏரி கட்டுதல். இரவில் விளக்கவிக்குமுன் நன்றியோடு தொடங்கும் கால்மணித் தன்னாய்வு, நாள் குறித்துக் கூடும் நண்பர் இருவர் மூவர், வறண்ட நாளிலும் மாற்றாத ஒரு தீர்மானம், பாடவேளையில் தவறாத பாடம்: இவையே அதன் கரையும் மதகுமாம். இவை சிறியன, ஆதலின் நம்மால் இயல்வன. கோடை வந்தே தீரும். அந்நாளில் வயலுக்குப் பாய நீர் இருக்குமாறு இன்றே மண் சுமப்போமாக. எல்லாம்வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவாராக.